சும்மா இருக்க முடியாதவர்

அன்றைக்குச் சிதம்பரத்தில் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அம்மா, நான், மாமா. வராதவர்கள் இரண்டு பேர். நெய்வேலியில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா செல்வி நிறைமாதமாக இருந்தாள். அவளுக்குச் சொல்லவே இல்லை. பாண்டிச்சேரியில் கடை வைத்திருந்த சித்தப்பாவுக்குச் சொன்னோம். சரக்கு இறங்குகிற நாள், நாளைக்கு வருகிறேன் என்றார். அதனால் அந்த மத்தியானம் நடந்தது எங்கள் மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும். மாமா மட்டும் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இன்றுவரைக்கும் அப்படியேதான் இருந்திருக்கும்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பண்ருட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கொல்லைக் கிணற்று மோட்டார், ஆழ்குழாய் மோட்டார், மாவு மில் மோட்டார், எது எரிந்தாலும் அவரிடம் வரும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், ஒரு துண்டுக் கம்பி, வெற்றிலைப் பொட்டலம், தன்னுடைய பிரஷர் மாத்திரை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அவர் கண் மேலே போகும். மின்விசிறி சத்தம் போட்டால் ஸ்டூல் கேட்பார். குழாய் சொட்டினால் உள்ளே போய்விடுவார். காப்பி ஆறிப்போகும். "உக்காருடா, வந்ததும் வராததுமா" என்று அம்மா அதட்டினால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

திருவதிகையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறியபோது, மகன் துபாயிலிருந்து வரவேண்டும் என்று குளிர்ப்பெட்டி வைத்திருந்தார்கள். மாலை போட வந்த மாமா பெட்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார், அதன் ஓரத்தில் காதை வைத்தார், மாலையை என் கையில் கொடுத்தார். துண்டைத் தரையில் விரித்துப் படுத்துப் பெட்டிக்கு அடியில் கையை விட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்து, கையைத் துடைத்து, மாலை போட்டுக் கும்பிட்டார். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல நின்னுருக்கும்" என்று செத்தவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார். மறுநாள் அந்த வீட்டு மகன் வந்து முகம் பார்த்தபோது முகம் முகமாகவே இருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிக் கட்டணச் சலுகைக்காக முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அப்பா வண்டியை விட்டு வர முடியாது என்று மாமாதான் கூட வந்தார். ஆபீசில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சுவரோரத்தில் ஒரு மேசை மின்விசிறி நின்று போய்க் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் அது ஓடியது. அன்று சாயங்காலமே சான்றிதழ் கைக்கு வந்தது. "லஞ்சம் குடுத்தீங்களா மாமா?" என்று பஸ்ஸில் கேட்டேன். "காத்து குடுத்தேன் மாப்ள" என்றார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே முடிந்ததும் இல்லை. ஒரு புயலுக்குப் பிறகு முந்திரிக் கொல்லைகள் எல்லாம் சாய்ந்து, தெருவே வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. லைன்மேன் வருகிறவரை பொறுக்காமல் மாமா எங்கிருந்தோ ஒரு கம்பியை இழுத்துத் தெருவுக்குக் கரண்ட் கொண்டுவந்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டோம். காலையில் பார்த்தால் டீச்சர் வீட்டு டிவியும் ஃபிரிட்ஜும் கருகியிருந்தன. எங்கோ அழுத்தம் ஏறி அந்த ஒரு வீட்டுக்குப் பாய்ந்துவிட்டது. அவர் டீச்சர் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றார். புது ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். அம்மா கத்தியபோது, இத்தனை பேர் இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்றுதான் அப்போதும் கேட்டார். மாமாவைப் பிடிக்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் அவர் ஸ்டூல் கேட்கும்போது சிலர் பயந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அப்பா குட்டியானை ஓட்டினார். சின்ன சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கடனில் வாங்கிய சொந்த வண்டி. பலாப்பழக் காலத்தில் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடிக்கொண்டே இருப்பார். அவருக்குப் பிரஷர் இருப்பதை இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் போட்டார். தலைசுற்றல் இல்லை, ஒன்றும் இல்லை, எதற்கு என்று விட்டுவிட்டார். அன்று சிதம்பரத்தில் பழத்தை இறக்கிவிட்டு வண்டியிலேயே படுத்தவர், விடிந்து எழுந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை பாதி தூக்கியதும் விழுந்தது. பேச்சு குழறியது. ஆனால் பேசினார். அங்கே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்குப் போன் போட்டது அவரேதான்.

தூக்கத்தில் வந்த பக்கவாதம் எந்த நேரத்தில் வந்தது என்று தெரியாததால், அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் போட முடியாது என்றார்கள். டூட்டியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. கட்டிலின் தலைமாட்டில் ஒரு திரை. அதில் அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று சிவப்பில் நின்றது. அதற்கு மருந்தே கொடுக்கவில்லையே என்று அம்மா கேட்டாள்.

"இப்பக் கொறைக்கக் கூடாதும்மா. அடைப்புக்கு அந்தப் பக்கம் கொஞ்சமாவது ரத்தம் போவணும்னா இந்த அழுத்தம் வேணும். இருநூத்தி இருவதத் தாண்டினாத்தான் நாங்க கை வப்போம். ரெண்டு மூணு நாள் போவட்டும், மெதுவா எறக்கலாம்."

வாயில் தண்ணீர்கூட விடக்கூடாது, விழுங்குகிறாரா என்று சோதித்த பிறகுதான் எதுவும் என்றும் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் கேட்டுக்கொண்டார் என்றுதான் அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை.

உள்ளே ஒரு ஆள்தான் இருக்கலாம். அம்மா அழுதுகொண்டே இருந்ததால் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமா உள்ளே இருந்தார். ஸ்கேன் படம் வாங்க நான் கீழே போனேன். மாமாவின் வேலையே முள்ளைப் பார்ப்பதுதான். வோல்டேஜ் முள் சிவப்புப் பக்கம் போனால் காயில் எரிந்துவிடும், உடனே இறக்கவேண்டும். அந்தத் திரையில் நூற்றுத் தொண்ணூற்றாறு, இருநூற்றிரண்டாகி, இருநூற்றெட்டும் ஆனபோது, அவர் எதிரில் கிடந்தது தன் அக்கா புருஷன். சட்டைப்பையில் இருந்தது தன் மருந்து. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர், அழுத்தம் ஏறினால் ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிந்துகொள்ளச் சொல்லி எழுதிக்கொடுத்த கேப்சூல். அவருக்கு அது எத்தனையோ முறை கேட்டிருக்கிறது.

நான் படத்தோடு மேலே வந்தபோது மாமா வார்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அவ்வளவு வெளிச்சமான முகத்தை அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை.

"அக்கா, எறங்கிடுச்சு. நூத்திப் பத்துக்கு வந்துடுச்சு."

அம்மா எழுந்து நின்று கண்ணை மூடித் திருவதிகைக் கோயில் இருக்கும் திசை எதுவென்று தெரியாமல் ஏதோ ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அவள் விடுவதற்குள் உள்ளே நர்ஸ் டாக்டரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

பாதியாவது தூக்கிக்கொண்டிருந்த வலது கை அசையவே இல்லை, வலது காலும் அசையவில்லை. குழறலாக வந்துகொண்டிருந்த பேச்சும் நின்றுபோயிருந்தது. அப்பா கண்ணைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்தார். டாக்டரம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாராவது ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமா சட்டைப்பையிலிருந்து கேப்சூல் அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான்தாம்மா குடுத்தேன்."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. அட்டையைப் படித்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தச் சொன்னார், சலைன் ஏற்றச் சொன்னார், பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலத்துக்குள் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கால் திரும்பியது. பேச்சில் பத்துப் பதினைந்து வார்த்தை சில வாரங்களில் திரும்பியது. கை திரும்பவே இல்லை.

பின்னால் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அதனால்தான் கை போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இந்த நோய் முதல் நாளில் தானாகவே கூடுவது உண்டு. இப்படிச் சட்டென்று இறக்குவதை டாக்டர்கள் விட்டு வெகுகாலம் ஆகிறது, கெடுத்திருக்கலாம், கெடுக்காமலும் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம் என்றார்: அந்த மனிதர் உடனே சொல்லாமல் இருந்திருந்தால், அழுத்தம் ஏன் இறங்கியது என்று தேடுவதிலேயே நேரம் போயிருக்கும்.

இதை நான் மாமாவிடம் சொன்னேன். வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊரு கடைமடை மாப்ள. இங்க எத்தன மோட்டார் மாட்டியிருக்கேன் தெரியுமா? வாய்க்கால்ல மண்ணு அடச்சிக்கிட்டா இன்னா பண்ணுவோம்? அடைப்ப எடுக்குற வரைக்கும் மோட்டார அழுத்தி ஓட்டுவோம். அப்பத்தான் கடைசி வயலுக்கு ஒரு சொட்டாவது போவும். அந்தப் பொண்ணு அதத்தானடா சொல்லிச்சு. தெரிஞ்ச வேலைய எனக்கே சொல்லிச்சு. நான் போயி மோட்டார நிறுத்திட்டனே."

அம்மா அவரைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. அந்த மத்தியானத்திலிருந்து அவரோடு பேசுவதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு வந்தால் டீ வரும். பசிக்கிற நேரமாக இருந்தால் தட்டு வரும். சொல்லவேண்டியது எல்லாம் என் வழியாகப் போகும். "ஒங்க மாமாவ செருப்ப உள்ள வைக்கச் சொல்லு, மழ வருது." அவர் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர்கள் சொன்னது நேர்மாறாக இருந்தது. இனிமேல் அழுத்தம் ஏறவே கூடாது, நூற்று முப்பதுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கவேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது, உப்பைக் குறைக்கவேண்டும். அம்மா ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். கருவாடு வாங்குவது நின்றது. அப்பா முதல் வாரம் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கி வந்தார். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் காலையில் வருவார். எப்படிப் பார்க்கவேண்டும் என்று நர்ஸிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார். முதுகு சாய்ந்திருக்கவேண்டும், பாதம் தரையில் இருக்கவேண்டும், நல்ல கையில்தான் பட்டையைச் சுற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். உட்காரவேண்டியவர் அப்பாதான். ஆனால் மாமாவும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொள்வார். எங்கள் வீட்டு மின்விசிறி அந்த வருஷம் டக்டக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் கண் மேலே போகும். பிறகு கீழே இறங்கித் தன் கையைப் பார்க்கும். ஒரு நாள்கூட எழுந்திருக்கவில்லை. பார்த்து முடித்த பிறகாவது அதைச் சரிசெய்யலாமே என்று நான் சொன்னேன். "அது பாட்டுக்குச் சுத்துது மாப்ள, வுடு" என்றார். மாமா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டது எனக்கு ஆஸ்பத்திரியைவிடப் பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அப்பாவுக்குத் தலை வலித்தது. மாமாவைக் கூப்பிட்டேன். மெஷின் நூற்று எண்பத்திரண்டு காட்டியது. அம்மா அடுப்படி வாசலில் நின்று தம்பியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பாகூட அவரைத்தான் பார்த்தார். மாமா டாக்டருக்குப் போன் போட்டார். கை கால் புதிதாக ஏதாவது செய்கிறதா, முகம் கோணுகிறதா என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் பார்த்துப் பதில் சொன்னார். இல்லையென்றால் படுக்க வைத்து ஓய்வு கொடுங்கள், நீங்களாக எதையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், அரை மணி கழித்து மறுபடியும் பாருங்கள், காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த அரை மணி நேரமும் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. மறுபடி பார்த்தபோது நூற்று ஐம்பத்தாறு.

"மனுசனுக்கு இதவிடக் கஷ்டமான வேலை ஒண்ணு இல்லடா" என்றார்.

அதற்கடுத்த மாதம் சித்தப்பா வந்தார். முன்பே இரண்டு மூன்று முறை வந்து பார்த்தவர்தான். இந்த முறை வண்டிக்கடன் விஷயமாக வந்தார். கடனுக்கு ஜாமீன் போட்டவர் அவர். மூன்று தவணை நின்றுபோய் அவர் கடைக்கு ஆள் வந்துவிட்டார்கள். அண்ணன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அது துணி மாதிரி விழுந்தது. காலையில் தானே போன் போட்டுப் பேசிய ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய் இப்படி ஆனது எப்படி என்று கேட்டார். அம்மா, அது அப்படித்தான் ஆகுமாம் என்றாள். சித்தப்பாவுக்கு ஆறவில்லை. சின்னப் பெண்ணை டூட்டியில் போட்டு உயிரோடு விளையாடியிருக்கிறார்கள், நாளைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போகிறேன், அந்தப் பெண்ணைச் சும்மா விடமாட்டேன் என்று எழுந்தார். போகக்கூடிய ஆள் அவர்.

மாமா மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை நேராகப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அத்தனை மாதத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தார், எனக்குத் தெரியும். முழங்காலுக்கு நடுவில் இருந்த கைகளை எடுத்தார்.

"மச்சான், அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. கொறைக்கக் கூடாதுன்னுதான் சொல்லிச்சு. நான் குடுத்தேன்."

முழுவதையும் சொன்னார். ஊசியால் குத்தியதையும் சொன்னார். டாக்டர் எனக்குச் சொன்ன அந்த 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். சித்தப்பா காதில் அது ஏறவில்லை. எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு கத்தாமலே கேட்டார்.

"நல்லது மச்சான். வண்டி ஓட்டிக் கடன் கட்டுன கை அது. இப்ப யாரு கட்றது? என்னைய கட்டச் சொல்றியா, இல்ல படிக்கிற புள்ளய நிறுத்திட்டு அவன ஓட்டச் சொல்றியா?"

அப்பா இடது கையை வேகமாக ஆட்டினார். "வேணா... வேணா..." என்றார். எது வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. நூற்று எழுபது வரைக்கும் ஏறியிருந்தது அன்றைக்கு அழுத்தம்.

மாமா அதற்குப் பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேறொருவர் கடையில் கூலிக்குக் காயில் கட்டினார். விடிகாலை பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். நான் படிப்பை முடித்தேன். வண்டியை ஆள் வைத்து ஓட்டினோம். அப்பாவுக்கு இரண்டாவது முறை வரவில்லை. மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்களாம், விசிறினார்களாம்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது சித்தப்பா வந்துபோன பத்தாம் நாள். மாமா ஒரு மஞ்சள்பையை அப்பாவின் கட்டில்மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். வண்டிக்கடன் முழுசையும் அடைத்துவிடலாம், மாப்ள படிக்கட்டும் என்று என்னிடம்தான் சொன்னார். காயில் சுற்றும் மெஷின், சாமான், கடை அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர் சட்டைப்பையைப் பார்த்ததும் தெரிந்தது. டெஸ்டர்கூட இல்லை. அம்மா ஈரக்கையோடு உள்ளேயிருந்து வந்தாள். என்னைத் தாண்டி, அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"கடைய எவ்ளோக்குடா குடுத்த?"

குரல் தனக்குத்தான் என்று புரிய மாமாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம்க்கா."